மேகம் கேட்டு வந்தவர்கள்

கழுவும் மெசினைப் பற்றி முறைப்பாடு சொல்லத்தான் நான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். திரும்பி வரும்போது எங்கள் தொடர்மாடி நிர்வாகக் குழுவின் செயலாளராக வந்தேன். நோர்வேயில் இப்படித்தான். கூட்டத்தில் அதிகம் கதைப்பவரின் தலையில் ஒரு பதவியைக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு மற்றவர்கள் அவரைப் பற்றி முறைப்பாடு சொல்லலாம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒஸ்லோவின் கிழக்கே புருசெத்தில், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் நானும் கணவரும் மகளும் குடியிருந்தோம். கட்டடத்தின் பக்கச் சுவரில் ஒரு யன்னல்கூட இல்லை. நிலக்கீழ் ரயில் நிலையத்துக்குப் போகிற பாதையைப் பார்த்தபடி சாம்பல் நிறத்தில் மொட்டையாக நின்றது. அந்தச் சுவரைக் கண்டால் பொடியன்களுக்குக் கை சும்மா இராது. ஸ்ப்ரே டின்னால் யாராவது எதையாவது கிறுக்கிவிட்டுப் போவார்கள். நகரசபைக்கு அந்த நாட்களில் சுவர்க்கிறுக்கல் என்றாலே ஆகாது. உடனே சுடுதண்ணீர் பீச்சும் வாகனம் வரும், கழுவும், போகும். சுவர் காய்ந்ததும் அடுத்த பொடியன் வருவான்.

எங்கள் குழுவின் தலைவி ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். முதுகு வளையாத நோர்வே அம்மையார். படிக்கட்டுச் சுவர்களெல்லாம் அவருடைய அறிவித்தல்கள்தான். பால்கனியில் கம்பளம் உதறக்கூடாது. படியில் குழந்தை வண்டி விடக்கூடாது. எலி வரும், ஆகையால் புறாவுக்குத் தீனி போடக்கூடாது. அவர் ஒரு நாள் கூட்டத்தில் சொன்னார்:

"பகுதிக் கலாசார அலுவலகத்துக்கு ஒரு ஜப்பானிய ஓவியர் விருந்தாளியாக வருகிறார். அவருக்கு ஒரு சுவர் வேண்டுமாம். நமக்கு ஒரு படம் வேண்டும். நல்ல படத்தின் மேல் யாரும் கிறுக்கமாட்டார்கள்."

எல்லோரும் கை உயர்த்தினோம். அதன் பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கட்டடத்தின் விருந்தினர் அறையில் குழாய் வெடித்து நிலமெல்லாம் ஊறிப்போயிருந்தது. ஓவியரைக் கோடைகாலம் முடியும் வரை எங்கள் வீட்டில் தங்கவைக்க முடியுமா என்று கேட்டார்.

"நீங்களும் ஆசியா, அவரும் ஆசியா. ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொள்வீர்கள்" என்றார்.

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது கணவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவர் மன்னார், நான் யாழ்ப்பாணம்.

"நீரும் நானும் இவ்வளவு காலமா ஒரு வீட்டிலை இருந்தும் இன்னும் ஒருதரையொருதர் விளங்கேல்லை. இதுக்குள்ளை ஜப்பான்காரனை என்னெண்டு விளங்கிறது?"

ஆனால் மகள் துள்ளிக்குதித்தாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜப்பானியக் கார்ட்டூன் பார்ப்பதுதான் அவளுடைய முழுநேரத் தொழில்.

"அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. எனக்கு யப்பான்ஸ்க் தெரியும். நான் கதைக்கிறன்."

ஓவியர் வந்த அன்று மூவரும் வாசலில் வரிசையாக நின்றோம். அவருக்கு நாற்பது வயதிருக்கும். குட்டையான ஆள், சின்னத் தாடி, சாயம் தெறித்த காற்சட்டை. ஒரு தோளில் கிழிந்த முதுகுப்பை, மறு கையில் பட்டுத்துணியால் கட்டிய ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டியைக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். மகள் ஒரு அடி முன்னுக்கு வந்து, குரலைத் தடிப்பாக்கி, ஜப்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள்.

அவர் திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனார். பிறகு பெட்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் அவர் விளக்கிய பிறகுதான் விசயம் தெரிந்தது. "அடேய், யாரடா நீ? என் வாளுக்கு இரையாக முன் உன் பெயரைச் சொல்லிவிடு" என்று என் பிள்ளை அவரை வரவேற்றிருக்கிறாள். அவள் பார்த்த கார்ட்டூன்களில் யாருமே "வாங்கோ, இருங்கோ" என்று சொன்னதில்லை.

"சீ, சரியான ஃப்ளௌட்" என்று மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெட்கக்கேடு என்பதற்கு அவளுடைய நோர்வீஜியச் சொல் அதுதான். ஆனால் அவருக்கு அது பிடித்துப்போனது. அன்றிலிருந்து அவரும் அவளோடு அதே வீரபாஷையில்தான் பேசினார். காலையில் அவர் குளியலறைக் கதவைத் தட்டி உறுமுவார், உள்ளேயிருந்து அவள் உறுமுவாள். எங்கள் வீடு போர்க்களம் போல இருக்கும். ஷாம்புவைப் பற்றித்தான் கதை என்று மகள் சொல்வாள்.

முதல் இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அவித்தேன். அவர் பையிலிருந்து இரண்டு குச்சிகளை எடுத்து, ஒரு முழு இடியப்பத்தை வட்டம் கலையாமல் தூக்கி, சொதிக்குள் நனைத்து வாய்க்குள் அனுப்பினார். என் கணவர் தன் இடியப்பத்தைப் பிசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உந்த மனுசன் ஒரு இழைகூடக் கீழை விழுத்தேல்லைப் பாரும்" என்றார். அன்றைக்கே அவருக்கு விருந்தாளியைப் பிடித்துவிட்டது.

சாப்பிட்டபடி தன் கதையைச் சொன்னார். ஆங்கிலம், கை, கடுதாசியில் படம், மகளின் வீரபாஷை எல்லாம் கலந்துதான் கதை வந்தது. கல்லூரியில் அவர் படித்தது பழைய முறை ஓவியம். கல்லை அரைத்த நிறங்கள், பசை, பொன், மயிர்த்தூரிகை. பகலில் குருவின் முன்னால் மண்டியிட்டு நாரையின் இறகைக் கீறுவாராம். மாலையில் நண்பர்களோடு போய் மூடிய கடைகளின் இரும்புக் கதவுகளில் ஸ்ப்ரே அடிப்பாராம். பிறகு இரண்டையும் சேர்த்துக் கீறத் தொடங்கினார். குரு, "இவன் தெருப்பொறுக்கி" என்றார். தெரு நண்பர்கள், "இவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை" என்றார்கள். இரண்டு பக்கமும் கழித்துவிட்டதால் தனக்கென்று ஒரு பக்கம் கிடைத்தது என்று சொல்லி மிச்ச இடியப்பத்தையும் எடுத்தார்.

அடுத்த கிழமை பொது அறையில் தன் திட்டத்தை விரித்துக் காட்டினார். நீளமான கடுதாசிச் சுருள். அவர்கள் நாட்டுப் பழைய மடிப்புத்திரைகளில் ஒரு முறை இருக்கிறதாம். ஒரு முழு நகரத்தையும் பறவை பார்ப்பதுபோல மேலிருந்து கீறுவார்கள். கூரைகளைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றும் காட்டுவார்கள். இடையிடையே பொன்நிற மேகங்கள் மிதக்கும். எங்கள் புருசெத்தை அப்படிக் கீறப்போவதாகச் சொன்னார். கட்டடங்களும் மனிதர்களும் ஸ்ப்ரேயில். கோடுகள் தூரிகையில். மேகங்கள் மட்டும் பழைய முறையில், பொன்தூளும் பசையும் கலந்து.

"எவ்வளவு காலம் நிற்கும்?" என்று தலைவி கேட்டார்.

அவர் யோசித்தார். "ஸ்ப்ரே, நெடுங்காலம். மேகம்..." என்று கையை விரித்தார். "மேகம், மேகம்தான்."

என்ன அழகான பதில் என்று எல்லோரும் கைதட்டினோம். கூட்டக் குறிப்பில் நான் அதை அப்படியே எழுதினேன்.

அதன் பிறகு அவர் ஊர் சுற்றத் தொடங்கினார். கையில் ஒரு சின்ன அட்டை, ஒரு பென்சில். கடைத்தொகுதிப் படியில் இருப்பார், வண்டி நிறுத்துமிடத்தில் இருப்பார், குப்பை அறைக்குப் பக்கத்தில் இருப்பார், சில நாள் ரயிலேறிப் போய்த் துறைமுகக் கரையில் இருப்பார். தரையோடு தரையாக இருக்கிற ஒரு குட்டை மனிதரை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அவர் எல்லோரையும் கவனித்தார்.

வீட்டில் வேறு பிரச்சினை. பட்டுத்துணிப் பெட்டியைத் திறந்து, பழுப்பு நிறத்தில் கற்கண்டுத் துண்டுகள் போலச் சிலவற்றை எடுத்து ஊறவைத்தார். அடுத்த நாள் நான் வேலையால் வந்தபோது என்னுடைய புட்டுப் பானையில் தண்ணீரை வைத்து, அதற்குள் சட்டியை இறக்கி, அந்தத் துண்டுகளை உருக்கிக்கொண்டிருந்தார். கொதிக்கவிடக்கூடாதாம். கொதிக்காமல் உருகினால் மணம் இன்னும் நேரம் எடுத்து, ஆறுதலாகப் பரவும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டுப் பெண் நின்றாள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். கணவருக்குக் கணினி நிறுவனத்தில் வேலை. சுத்த சைவம். மூக்கில் துப்பட்டாவை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல ஏதாவது... செத்துக்கித்துப் போயிடுச்சா?"

"இல்லையம்மா. எங்கட விருந்தாளி பசை காய்ச்சுறார்."

"பசையா? மைதா மாவுலயா?"

நான் வாய் திறக்க முன் என் பின்னால் நின்ற மகள், "இல்லை அன்ரி, மாட்டுத்தோல்" என்றாள்.

கீழ்வீட்டுப் பெண் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். என் வீட்டுத் தண்ணீர் என்பதால் குடிக்கலாமா என்று ஒரு கணம் பார்த்துவிட்டுக் குடித்தாள். அன்று மாலையே பசை அடுப்பு சைக்கிள் கொட்டகைக்கு மாற்றப்பட்டது. புட்டுப் பானையும் அதோடு போனது. அதைத் திருப்பிக் கேட்கிற எண்ணம் எனக்கு வரவில்லை.

சுவரில் வேலை தொடங்கியது. ஆளை மேலே தூக்கும் மேடை வண்டியில் நின்று, முகமூடி போட்டுக்கொண்டு அடித்தார். முதல் நாளே ஒரு சிக்கல். கழுவும் வாகனத்துக்குக் கொடுத்திருந்த வழக்கமான உத்தரவை யாரும் நிறுத்தவில்லை. அது வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிக் குழாயை விரித்தார். மேலே நின்ற ஓவியரைப் பார்த்தார். கையில் ஸ்ப்ரே டின்னோடு, தப்பியோடாமல், குனிந்து வணக்கம் சொல்கிற கிறுக்கலாளியை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. கீழே டின்களைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கணவரிடம் விசாரித்தார். என் கணவருக்குப் பதற்றம் வந்தால் நோர்வீஜிய மொழி போய்விடும்.

"இது... சட்டமான கிறுக்கல்" என்றாராம்.

தலைவி வீட்டுச் செருப்போடு ஓடிவந்து சுவருக்கு முன்னால் கைகளை விரித்து நின்றுதான் படத்தைக் காப்பாற்றினார். தன் வாழ்நாளில் கிறுக்கலுக்காகக் கழுவலைத் தடுத்தது அதுதான் முதல் தடவை என்று பின்னர் பெருமையாகச் சொன்னார்.

நாளாக நாளாகச் சுவரில் எங்கள் ஊர் எழும்பியது. ரயில் நிலையம், கடைகள், கட்டடங்கள், தூரத்தில் ஒரு மூலையில் நகரத் துறைமுகமும் கடலும். கூரையில்லாத வீடுகளுக்குள் கையளவு மனிதர்கள். முகத்தில் மூன்று நாலு கோடுதான். ஆனால் நிற்கிற விதத்தை வைத்தே இன்னார் என்று சொல்லலாம். எங்கள் கட்டடத்தின் கூரையில் ஒரு பெண் போர்க்கவசம் போட்டு, அதற்கு மேல் குளிர்ச்சட்டையும் போட்டு, வாளை ஓங்கியபடி நின்றாள். மகள் அதைக் கண்டு, "அய்யோ, ஃப்ளௌட்" என்று கத்தினாள். அடுத்த நாள் வகுப்பிலிருந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள்.

மேகம் கேட்டு முதலில் வந்தவர் மேல்வீட்டு அண்ணை. அவருக்குச் சீனி வருத்தம். வைத்தியர் நடக்கச் சொன்னதால் தினமும் பின்னேரம் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடக்கப் போவார். அவருடைய மனைவி எங்கள் எல்லோருக்கும் அவரைத்தான் உதாரணம் காட்டுவா. அவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"தங்கச்சி, அந்த மனுசனோட உமக்குக் கதை பேச்சு இருக்குத்தானே?"

"ஓம் அண்ணை. என்ன விசயம்?"

"அதிலை ஒரு மேகம் போடச் சொல்லும்."

"எதிலை அண்ணை?"

"என்னிலை."

போய்ப் பார்த்தேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால், மர வாங்கு ஒன்றில், வெள்ளைச் சப்பாத்தோடு ஒருவர் இருந்தார். இரண்டு கையாலும் ஒரு போல்சேயைப் பிடித்திருந்தார். பாணுக்குள் வைத்த நீளமான சொசேஜ், மேலே பொரித்த வெங்காயம். கண்களை மூடியிருந்தார். தேவாலயத்தில்கூட அவர் இவ்வளவு பக்தியோடு கண்ணை மூடி நான் கண்டதில்லை.

ஓவியரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவருக்கோ மகிழ்ச்சி. அந்தக் காலத்து ஓவியர்களும் காட்டக்கூடாததை மறைக்கத்தான் மேகம் போட்டார்களாம். கீற அலுப்பாக இருந்தாலும் போட்டார்களாம். கொட்டகைக்குப் போய்ப் பசையை இளஞ்சூடாக்கி, பொன்தூளைக் குழைத்து, அகலத் தூரிகையால் போல்சேக்கு மேல் ஒரு அழகான மேகத்தை மிதக்கவிட்டார்.

அதன் பிறகு எனக்கு நிம்மதியில்லை. வேலை முடிந்து ரயிலால் இறங்கினால் யாராவது ஒருவர் எனக்காகக் காத்து நிற்பார். வேலை நேரத்தில் புல்லில் படுத்திருந்ததை மறைக்க வேண்டும் என்று எங்கள் கட்டடக் காவலாளி வந்தார். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் செர்ரி பறித்ததை மறைக்கவும் ஒருவர் வந்தார். காரணம் சொல்லாமல் தன் பால்கனி முழுவதையும் மூடிவிடச் சொல்லி ஒருவர் கேட்டார். நான் அவரிடம் காரணம் கேட்கவில்லை.

தலைவி வாஃபலோடு வந்தார். கோப்பி குடித்தார். காலநிலை பற்றிக் கதைத்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

"கட்டடத்துக்குப் பின்புறம், இடது மூலை, கொஞ்சம் வெறுமையாக இருக்கிறது. ஒரு மேகம் இருந்தால் சமநிலையாக இருக்கும். இது கலை சம்பந்தமான கருத்து மட்டும்தான்."

இடது மூலையில் அவரேதான் நின்றார். புறாவுக்குத் தீனி போடக்கூடாது என்ற அறிவித்தலுக்கு நேர் கீழே, தலையிலும் தோளிலும் கையிலும் புறாக்களோடு. கலை சம்பந்தமான கருத்தை ஓவியரிடம் சேர்ப்பித்தேன்.

சலவை அறையும் சுவரில் இருந்தது. அங்கே நான், மெசினின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, வாய் திறந்து நித்திரை. வீட்டில் உடுப்புக் கழுவ இரண்டு மணித்தியாலம் எடுக்கும் என்று சொல்லிவைத்திருந்தேன். மெசினுக்கு அதில் பாதிதான் தேவை. மிச்சம் எனக்குத் தேவை. எனக்கும் ஒரு மேகம் போடச் சொன்னேன். இவ்வளவு அலைந்ததற்குச் செயலாளருக்கு ஒரு மேகம் கூடாதா?

துறைமுக மூலையில் மட்டும் நான் கேட்காமலே ஒரு பெரிய மேகம் வந்திருந்தது. நகரசபைக் கட்டடத்தைவிடப் பெரியது.

"அங்கை என்னப்பா இருந்தது?" என்று கணவரிடம் கேட்டேன்.

"கடல்தான்" என்றார்.

மேகம் வேண்டாம் என்று வந்தவள் ஒருத்திதான். கீழ்வீட்டுப் பெண். மூக்கில் துணியில்லாமல் வந்தாள்.

"அக்கா, கார் நிறுத்துற எடத்துல என்னை வரைஞ்சிருக்காரு பாத்தீங்களா? சைக்கிள் ஓட்டுற மாதிரி?"

"ஓம், கண்டனான். உமக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமெண்டு எனக்குத் தெரியாது."

"யாருக்குமே தெரியாது. அவர் ஆபீஸ் போனப்புறம் தினம் காலைல நானே கத்துக்கிட்டேன். எத்தனை தடவை விழுந்தேன் தெரியுமா? இப்போ பக்கத்துல யாருக்கோ மேகம் போடுறேன்னு என் முன்சக்கரத்தை மறைச்சிட்டாரு. அதை எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு சக்கரமும் தெரியணும். முடிஞ்சா என்னைக் கொஞ்சம் பெரிசா வரையச் சொல்லுங்க."

ஓவியர் ஈரத்துணியால் மேகத்தின் ஓரத்தைத் துடைத்தார். அது உடனே கரைந்து வந்தது. முன்சக்கரம் தெரிந்தது. எவ்வளவு இலேசாக வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்ற நாங்கள் எல்லோரும் வியந்தோம். அதற்கு மேல் யாரும் ஒன்றும் யோசிக்கவில்லை.

கோடை முடிகிற நேரம் திறப்பு விழா. அந்த வருடம் அதிசயமாக, மேகம் போடத் தொடங்கிய நாளிலிருந்து மழையே இல்லை. புல்லெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. சுவரில் பாதிக்கு மேல் பொன். மாலை வெயில் பட்டால் ரயிலால் இறங்குகிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தார்கள். பகுதிச் சபையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். ஒலிவாங்கி, கோப்பி, வாஃபல், நான் பொரித்த பற்றிஸ் எல்லாம் இருந்தன. ஓவியர் சாயம் படாத சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். கட்டடத்திலிருந்த அத்தனை பேரும் வந்தார்கள். எல்லோரும் ஆறுதலான முகத்தோடு நின்றார்கள்.

அதிகாரி பேசத் தொடங்கியதும் ஒரு துளி விழுந்தது. நோர்வேயில் மழைக்காகப் பேச்சை நிறுத்துவதில்லை. குடைகள் விரிந்தன. அவர் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். மழை பலத்தது. அவர் பன்முகத்தன்மையைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது என் பக்கத்தில் நின்ற மகள் என் கையைக் கிள்ளினாள்.

"அம்மா. மேகத்தைப் பாருங்கோ."

மேகங்களின் கீழ் ஓரங்கள் நீண்டிருந்தன. பொன் கோடு கோடாக இறங்கியது. மேலே நின்ற மேகம் கீழே நின்ற மேகத்தோடு சேர்ந்து, இரண்டும் பூப்பாத்திக்குள் போயின. மாட்டுத்தோல் பசைக்கு மழை ஆகாது என்பது எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதிகாரி சுவருக்கு முதுகைக் காட்டி நின்றதால் தொடர்ந்து பேசினார். அவர் சப்பாத்துக்குக் கீழே பொன் ஓடியது.

முதலில் வெளியே வந்தது போல்சேதான். அதன் பின்னால் கையும், மூடிய கண்ணும், வெள்ளைச் சப்பாத்தும் வந்தன. மேல்வீட்டு அண்ணையின் மனைவி குடையைச் சரித்துக்கொண்டு ஒரு அடி முன்னுக்குப் போனா.

"இஞ்சருங்கோ, இதார்?"

"ஆரோ தெரியேல்லை" என்றார் அண்ணை.

"சப்பாத்து உங்கடை மாதிரிக் கிடக்கு."

"இப்ப எல்லாரும் உந்தச் சப்பாத்துத்தான் போடுகினம்."

"எல்லாரும் உப்பிடிக் கண்ணை மூடுறேல்லை" என்றா மேல்வீட்டு அக்கா.

காவலாளி புல்லில் படுத்திருந்தார். செர்ரி மரத்துக்கு ஆள் வந்தது. பால்கனியில் இருந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. சலவை அறையில் நான் வாய் திறந்தபடி வந்து சேர்ந்தேன். கணவர் குனிந்து என் காதுக்குள், "ரெண்டு மணித்தியாலம், என்ன?" என்றார். நான் பதில் யோசிக்க முன் துறைமுக மேகமும் கரைந்தது. அங்கே, கரையில் கட்டிய படகு ஒன்றில் மீன் விற்கிற பெண்ணிடம், தோளில் தூண்டிலோடு நின்ற என் கணவர் ஒரு பை மீன் வாங்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அவர் பிடித்துவருவதாகச் சொன்ன மீன்களை எத்தனை வருடம் புகழ்ந்து புகழ்ந்து சமைத்திருக்கிறேன்!

"கடல்தான், என்ன?" என்றேன் நான்.

சிரிப்பு ஒரு பக்கத்தில் தொடங்கியது. இடது மூலையில் புறாக்கள் ஒவ்வொன்றாக வெளியே வர, எல்லோரும் தலைவியைப் பார்த்தார்கள், சிரிப்பு நின்றது. தலைவி நேராக நடந்துபோய் அதிகாரியிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கினார். முகம் சிவந்திருந்தது. முதுகு மட்டும் வளையவில்லை.

"அது நான்தான்" என்றார். "முழுத்தானிய ரொட்டி மட்டும்தான் போடுகிறேன். எலிகளுக்கு அது பிடிக்காது."

அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அதிகாரிகூடத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கீழ்வீட்டுப் பெண்ணின் கணவர் சுவருக்குக் கிட்டப் போய், சைக்கிளில் பறக்கிற தன் மனைவியை நெடுநேரம் பார்த்தார். "இது எப்போ?" என்று கேட்டார். "நீங்க மீட்டிங்ல இருந்தப்போ" என்றாள் அவள்.

சிரிக்காதவர் ஓவியர் ஒருவர்தான். மழையில் நனைந்தபடி எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து, நெற்றி முழங்காலைத் தொடுமளவுக்குக் குனிந்து, நிமிராமல் நின்றார். மகள் ஓடிப்போய் அவரோடு பேசினாள். பிறகு எங்களுக்குச் சொன்னாள். அவருடைய மேகங்கள் எல்லாம் இதுவரை வீட்டுக்குள் இருக்கிற திரைகளில்தான் இருந்தனவாம். வெளியில் போட்டது இதுதான் முதல் தடவையாம். படிகாரம் சேர்த்துப் பசையை இறுக்கினால் நிற்கும் என்று நம்பினாராம். மானம் போய்விட்டது, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார் என்றாள். அவள் குரலில் அன்று வீரம் இல்லை.

தலைவி ஒலிவாங்கியை விடவில்லை. கூட்டம் கூடியிருக்கிறது, ஆகையால் வாக்கெடுக்கலாம் என்றார். மேகங்களை வேறு சாயத்தில் திரும்பப் போடுவதா, இப்படியே விடுவதா? செயலாளர் எண்ணவேண்டும். இப்படியே விடு என்று குடைகளுக்குக் கீழிருந்து கைகள் எழும்பின. தலைவியின் கை முதலில் எழும்பியது. மேகம் வேண்டும் என்று உயர்ந்தது ஒரே ஒரு கை. மேல்வீட்டு அண்ணையின் கை. அதையும் அக்கா பிடித்து இறக்கிவிட்டா.

ஓவியர் அடுத்த நாள் அறையை விட்டு வரவில்லை. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்தேன், அப்படியே இருந்தது. கடைசியில் என் கணவர் உள்ளே போனார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம் மட்டும்தான். எப்படியோ பேசியிருக்கிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இருவரும் தூண்டில்களோடு வெளியே வந்தார்கள்.

"இந்தமுறை படகுப் பக்கம் போகமாட்டம்" என்று கணவர் சத்தியம் செய்தார். சொன்னபடி வெறுங்கையோடு வந்தார்கள். அன்றிரவு முட்டைப் பொரியல்.

செப்டெம்பரில் ஓவியர் போய்விட்டார். போகும்போது புட்டுப் பானையைக் கேட்டு வாங்கி, பட்டுத்துணியில் கட்டிக்கொண்டு போனார். சீமெந்தின் வெடிப்புகளில் மெல்லிய பொன் கோடுகள் அடுத்த குளிர்காலம் வரை மினுங்கின. தலைவி புறா அறிவித்தலைக் கழற்றவில்லை. ஆனால் "தீனி" என்ற சொல்லுக்கு முன் "வெள்ளை ரொட்டித்" என்று கையால் எழுதிச் சேர்த்தார். அண்ணை மனைவியோடு சேர்ந்து நடக்கத் தொடங்கினார். அக்கா அவரைக் கடைப் பக்கம் விடாமல் காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனா.

இரண்டு மூன்று வருடம் கழித்து மகள் கணினிக்கு முன்னாலிருந்து கத்தினாள். ஓவியர் இப்போது பெரிய ஆளாம். சுவர்களில் பொன் மேகம் போட்டு, மழையில் கரையவிடுகிறாராம். எல்லாம் நிலையில்லாதது என்பதைக் காட்டும் ஆழ்ந்த தத்துவம் என்று ஆங்கிலத்தில் யாரோ பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

"எங்கட சுவரைப் பற்றி ஏதும் கிடக்கோ?" என்றார் கணவர்.

"ஒரு வடநாட்டு நகரத்திலை இந்த எண்ணம் தோன்றினதெண்டு மட்டும் கிடக்கு."

இதை நான் தலைவியிடம் சொன்னேன். அவருக்கு வந்த கோபம் எனக்கு வரவில்லை. அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவந்தார். சுவரின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு பதித்தோம். "முதன்முதலில் இங்கேதான் கரைந்தது" என்று அதில் எழுதியிருந்தது. தகடு போல்சேக்கு மிகக் கிட்ட இருக்கிறது, அதைத் தள்ளி வைக்கவேண்டும் என்று மேல்வீட்டு அண்ணை எழுத்தில் முறைப்பாடு செய்தார். முறைப்பாட்டை ஆராய்ந்த கூட்டத்தில் அவர் நிறையக் கதைத்தார். அந்த வருடம் செயலாளர் பதவியை அவரிடம் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன்.